நாரை நடத்திய காலைக் கூட்டம்

காட்டுக் குளத்தின் கரை போன மழையில் பாதி கரைந்துவிட்டது. அடுத்த மழைக்குள் மண் போட்டு அதை உயர்த்தியாக வேண்டும். அங்கே காட்டெருமைதான் தலைவர். பன்றி, கீரி, முள்ளம்பன்றி, ஆமை நால்வரும் வேலையாட்கள். வேலை ஆமை வேகத்தில் நடந்தது. ஆமை ஒன்றுதான் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

"அடுத்த காட்டு ஏரியில் நாரைகள் மளமளவென்று கரை கட்டிவிட்டார்களாம்! அவர்களில் ஒருத்தியை அழைத்து வாருங்கள். இந்தச் சோம்பேறிகளின் மனசை மாற்றட்டும்!" என்று உறுமியது காட்டெருமை.

நாரை ஒன்று வந்தது. நல்ல நாரை. சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற ஆசை அதன் நெஞ்சு நிறைய இருந்தது.

"எங்கள் ஏரியில் தினமும் காலையில் வட்டமாக நின்று பேசுவோம்" என்றது. "நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், வேலைக்கு என்ன இடைஞ்சல். இவ்வளவுதான் பேச்சு! ஒற்றைக் காலில் நின்று பேசினால் யாருக்கும் வளவளக்கத் தோன்றாது!"

"எனக்கு நாலு கால் அம்மா. ஒன்றைத் தூக்கவா, மூன்றைத் தூக்கவா?" என்று கேட்டது பன்றி.

"முடிந்ததைத் தூக்கு!"

பன்றி குப்புற விழுந்தது. அதன் மேல் கீரி விழுந்தது. ஆமை நாலு காலையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு, "நான் உங்களையெல்லாம் மிஞ்சிவிட்டேன்!" என்றது.

சில நாளில் எல்லோரும் பழகிவிட்டார்கள். கூட்டம் அழகாக நடந்தது. "இடைஞ்சல் ஏதாவது?" என்று நாரை கேட்கும். "ஒன்றுமில்லை!" என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். காட்டெருமை தலையை ஆட்டும்.

ஆனால் கரை உயரவில்லை. போட்ட மண் சரிந்தது. நாரை மேலே பறந்து பார்த்தது. பல இடங்களில் கசிவு! அதற்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே பன்றியிடம் போய் இறங்கியது.

"உன் குட்டிகள் இந்தக் கரைக்குக் கீழேதானே படுக்கின்றன? உடைந்தால் என்ன ஆகும்?"

"தெரியும்" என்றது பன்றி.

"பிறகு ஏன் கூட்டத்தில் வாயைத் திறக்கவில்லை? காலைத் தூக்கக் கற்றாய், மனசு அப்படியே இருக்கிறது!"

பன்றி மண்ணை முட்டியது. பக்கத்தில் இருந்த கீரிக்குப் பொறுக்கவில்லை. "நீங்கள் வருவதற்கு முன்பு முள்ளம்பன்றி ஒருநாள், 'என் பக்கம் கசிகிறது' என்று சொன்னது. 'யார் செய்த வேலை அது?' என்றார் தலைவர். அன்று முதல் அது கடைசி ஆளாகத்தான் தண்ணீர் குடிக்கிறது. எல்லோரும் இறங்கிக் கலக்கிய பிறகு மிஞ்சுவது சேறு!"

"அதற்காகப் பயப்படுவதா?"

பன்றி தலையை நிமிர்த்தியது. "உங்களுக்கென்ன அம்மா! கரை உடைந்தாலும் பறப்பீர்கள், தலைவர் முறைத்தாலும் பறப்பீர்கள். நான் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு எங்கே பறக்க?"

நாரைக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளும் அது இவர்களின் கால்களையே பார்த்திருந்தது. காட்டெருமையின் முகத்தை ஒருமுறையும் பார்க்கவில்லை. பாடுபடுகிறவனின் மனசைப் பற்றிப் பேச ஊர்ப்பட்ட ஆட்கள் உண்டு. வேலை வாங்குகிறவனின் மனசைப் பற்றிப் பேசத்தான் நாதியில்லை.

நாரை காட்டெருமையிடம் போனது. "தலைவரே, குறை சொன்னவரைத் தண்டிக்காதீர்கள். முள்ளம்பன்றியை முன்னால் குடிக்கச் சொல்லுங்கள்."

"உன்னை அழைத்தது அவர்களைத் திருத்த! என்னைத் திருத்த அல்ல!"

"அப்படியென்றால் நானும் முள்ளம்பன்றியின் பின்னால்தான் நிற்பேன்."

சொன்னபடியே அன்று மாலை நாரை எல்லோருக்கும் கடைசியில் நின்றது. மூக்கை விட்டுச் சேற்றைக் குடித்தது. வெள்ளை இறகெல்லாம் அழுக்கானது. பறக்கவில்லை. பன்றி அதைப் பார்த்தது. கீரியும் பார்த்தது.

மறுநாள் விடியும்போதே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கூட்டத்தில் பன்றி சொன்னது: "இடைஞ்சல் இருக்கிறது! தலைவர் தண்ணீருக்கு இறங்கும் இடத்தில் கரை பிளந்திருக்கிறது. அவர் குளம்பு பட்டுப் பட்டுத்தான் பிளந்தது!"

காட்டெருமை மூக்கு விடைக்கக் கொம்பைச் சாய்த்தது. "யார் என்னைக் குறை சொல்வது?"

"நான்தான்! கீழே என் குட்டிகள் இருக்கின்றன!"

"நானும் பார்த்தேன்!" என்றது முள்ளம்பன்றி. "நானும்தான்!" என்று முன்னால் வந்தது கீரி. ஆமைகூடத் தலையை வெளியே நீட்டியது. நாரை பன்றியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டது.

முதல் தூறல் விழுந்தது. காட்டெருமை எல்லோரையும் பார்த்தது. ஒருவர்கூட விலகவில்லை. சாய்த்த கொம்பை அது மெல்ல நிமிர்த்தியது.

"எங்கே பிளந்திருக்கிறது?" என்று கேட்டது.

"வாருங்கள், காட்டுகிறேன்!" என்று பன்றி ஓடியது.

காட்டெருமை பிளவில் தன் விலாவை முட்டுக்கொடுத்து நின்றது. மற்றவர்கள் மண்ணை அடைத்தார்கள். அதற்குப் பிறகு யார் வாயும் சும்மா இருக்கவில்லை. "இங்கே ஒரு பொந்து!" "என் பக்கமும் கசிகிறது, ஓடி வா!" "ஆமையண்ணே, அப்படியே ஓட்டையில் உட்காருங்கள்!"

மழை கொட்டியது. கரை நின்றது. கீழே கோரைப் புல்லில் குட்டிகள் தூக்கம் கலையாமல் படுத்திருந்தன.

மழை விட்டதும் காட்டெருமை பன்றியிடம் வந்து தயங்கி நின்றது. "இனி நான் எந்த வழியாக இறங்கட்டும்?"

"பாறைப் பக்கமாக இறங்குங்கள், தலைவரே. கொஞ்சம் சுற்றுதான். கரை தாங்கும்."

உண்மை சொன்னவரைத் தண்டிக்கிற இடத்தில் எந்தப் புது முறையும் பலன் தராது. அங்கே முதலில் மாற வேண்டியது தலைமையின் மனசு.