ஒருவரும் மறுக்காத புத்தகம்

முகநூலில் ஒரு வாசிப்புக் குழு. பத்தாயிரம் பேர், ஆளுக்கொரு கட்சி. ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை: தலைவர் திருவேங்கடத்தின் எண்ணூறு பக்க நாவலை, "மூணு தடவை படிச்சேன் சார்!" என்று பாராட்டாத ஆளே கிடையாது.

இந்த வருஷம் எல்லாரும் சேர்ந்து படிக்க ஒரு புத்தகம் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓட்டெடுப்பு நடத்தும் நசீமாவிடம் தலைவர் சொன்னார்: "ஒருத்தர்கூட மறுக்காத புத்தகமா சொல்லும்மா. முடியலைன்னா வருஷம் பூரா என் நாவல்தான்."

முகநூலில் போய் ஒருத்தர்கூட மறுக்காத புத்தகமா! நசீமா அசரவில்லை. உடனே பதிவு போட்டாள்: "சாரின் நாவலையே படிக்கலாம். ஏற்கெனவே படித்துப் பாராட்டியவர்களை ஞாயிற்றுக்கிழமை லைவில் கூப்பிடுவேன். சார் முன்னால் கதையைச் சொல்ல வேண்டும். வேறு புத்தகம்தான் வேண்டும் என்பவர்கள் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்."

சாயங்காலத்துக்குள் பத்தாயிரம் பேரும் ஒரே கட்சி ஆகிவிட்டார்கள்.

தலைவர் போன் செய்தார். "என்னம்மா, ஒருத்தர்கூட மறுக்காத புத்தகம் கிடைச்சுதா?"

"நிறையக் கிடைச்சிருக்கு சார். உங்களுதைத் தவிர எதுவா இருந்தாலும் சரிங்கிறாங்க."