உலைவாசல் காத்த தெய்வானை

சோலார் தகட்டுக்கான சிலிக்கானை மலிவாகச் சுத்தம் செய்யும் உலைக்கூடம் அது. "மறுபடியும் அழுக்கா! உலையில கண்டதையும் கலக்கறவனை நாளைக்குள்ள பிடி. இல்லேன்னா கூடத்தை இழுத்து மூடிடுவேன்!" என்று முதலாளி ரங்கராஜுலு வாசல்காவல் தெய்வானையிடம் குதித்தார்.

"பிடிச்சு என்னங்க பண்ணட்டும்?"

"எவனா இருந்தாலும் கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளு!"

மறுநாள் காலை, ராசிக்கென்று வழக்கமாக உலையில் தூவும் திருநீற்றோடு முதலாளி வந்தார். தெய்வானை படாரென்று கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். அவர் வெளியே கத்தக் கத்த, உள்ளே சிலிக்கான் உருகி, ஆறி, சோதனைக்கும் போனது.

"சுத்தம்! அப்பழுக்கில்லாத சுத்தம்!" கூடமே துள்ளியது.

தெய்வானை கதவைத் திறந்தாள். "ஆளைப் பிடிச்சுட்டனுங்க, வெளியவும் தள்ளிட்டனுங்க. கழுத்தைப் பிடிக்கத்தான் மனசு வரலீங்க."