ஆறு கையெழுத்துப் போட்ட அட்டவணை

“என் அட்டவணையில இன்னும் என்ன குறை, மேடம்?” என்று கேட்டார் திருவேங்கடம்.

சிஷ்யருக்கு வயது ஐம்பத்தாறு. கல்லூரித் தேர்வுப் பிரிவின் கண்காணிப்பாளர். கட்டம் போடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, அது அவருக்கே நன்றாகத் தெரியும்.

குருவாக வாய்த்த மெஹருன்னிசாவுக்கு வயது முப்பத்திரண்டு. அதே கல்லூரியில் நூலகர். பிறவியிலேயே பார்வை கிடையாது. திரையில் இருப்பதைக் கம்ப்யூட்டர் வாசிக்க, அதைக் கேட்டுத்தான் வேலை பார்க்கிறார்.

போன பருவத்தில் திருவேங்கடம் காலைத் தேர்வுக்கு மஞ்சளும் மாலைத் தேர்வுக்குப் பச்சையும் அடித்து அழகு பார்த்தார். பொன்மலர் என்ற பார்வையற்ற மாணவி, காலைத் தேர்வுக்கு மாலையில் வந்து நின்றாள். காலியான அறை வாசலில் அவள் நின்றதை நினைத்தால் அவருக்கு இன்னும் சோறு இறங்குவதில்லை. அந்தத் தேர்வை இந்த முறையும் தவறவிட்டால், அவளுக்குக் கிடைத்திருக்கிற பி.எட். இடம் போய்விடும்.

அட்டவணை இன்று ஐந்து மணிக்குள் வெளியாக வேண்டும்.

“கலரை எல்லாம் எடுத்துட்டேன். காலை, மாலைன்னு எழுத்துலயே போட்டுட்டேன்” என்றார்.

மெஹருன்னிசா ஒரு விசையைத் தட்டினார்.

“என், ஜே, ஹெச், செமிகோலன், டி” என்றது கம்ப்யூட்டர்.

“இது என்ன பாஷை?”

“உங்க தமிழ்தான், சார். ‘தேர்வு’ன்னு அடிச்சிருக்கீங்க.”

இருபது வருடமாக அவர் விடாமல் கட்டிக்கொண்டிருந்த பழைய எழுத்துரு அது. வெளியே தமிழ் வேஷம், உள்ளே வெறும் ஆங்கில எழுத்து. திருவேங்கடம் எழுந்து போனார். எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குத் தமிழாகவே புரிகிற யூனிகோடில் திரும்ப அடித்து, சாப்பாட்டு நேரம் முடிந்து வந்தார்.

“காலி. வரலாறு. காலை. காலி. பொருளியல். காலை” என்றது கம்ப்யூட்டர்.

“தேதி எங்க?” என்றார் திருவேங்கடம்.

“நீங்கதான் சொல்லணும்.”

“நடுவுல பெருசா இருக்கே, மேடம். ஏழு கட்டத்தைச் சேர்த்து ஒண்ணாக்கி, பளிச்சுன்னு போட்டிருக்கேன்.”

மெஹருன்னிசா கைநீட்டி மானிட்டரை அணைத்தார்.

“இப்ப சொல்லுங்க.”

திருவேங்கடம் எழுந்தார். போய்க் கட்டங்களைப் பிரித்து, ஒவ்வொரு வரியிலும் தேதியை எழுதினார். ஒரே தேதி ஏழு தடவை வந்தது அவர் கண்ணை உறுத்தியது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார்.

மூன்றாம் முறை வந்தபோது மணி நாலேகால். பென்டிரைவில் பிடிஎஃப் கொண்டுவந்திருந்தார்.

கம்ப்யூட்டர் வாயே திறக்கவில்லை.

“என்ன செஞ்சீங்க, சார்?”

“முறைப்படிதான் செஞ்சேன். பிரின்ட் எடுத்து, கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தி, ஸ்கேன் பண்ணினேன்.”

“போட்டோ பிடிச்சிருக்கீங்க. போட்டோ எங்க பேசும்?”

திருவேங்கடத்துக்குக் கோபம் வந்துவிட்டது. “கையெழுத்து இல்லாம எப்படி வெளியிடுறது? ஆறு பேர் சரிபார்த்துப் போட்டது, மேடம்.”

“அதைத் தாராளமா நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க. பேசுறதை எனக்குக் கொடுங்க.”

கோபம் போகாமலேயே, அட்டவணையை அச்செடுக்காமல் நேராகப் பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்தார். அது தேதி, பாடம், வேளை என்று வரிவரியாகப் பேசியது. மெஹருன்னிசா அதைப் பொன்மலருக்கு அனுப்பினார்.

பத்து நிமிடத்தில் போன் வந்தது. மெஹருன்னிசா ஸ்பீக்கரில் போட்டார்.

“சார், பொன்மலர் பேசுறேன். முதல்லேருந்து கடைசி வரைக்கும் கேட்டுட்டேன்.”

“உன் பரீட்சை எப்பன்னு தெரிஞ்சுதாம்மா?”

“தெரிஞ்சுது, சார். பதினொண்ணாம் தேதி காலை.”

திருவேங்கடத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. போனை வைத்துவிடலாம் என்று பார்த்தார்.

“சார், இன்னொண்ணு. மூணாம் வருஷம் வரலாறுக்கு ஒன்பதாம் தேதி காலையிலயே ரெண்டு பேப்பர் போட்டிருக்கீங்க. அந்த நாப்பது பேரும் எதை எழுதுவாங்க?”

அவர் முத்திரை குத்திய தாளை எடுத்துப் பார்த்தார். இரண்டும் அடுத்தடுத்த வரிகளில்தான் இருந்தன. கீழே ஆறு கையெழுத்து. ஆறாவது அவருடையது.

“ஆறு பேரும் பார்த்தோமே, மேடம்” என்றார்.

“பார்த்தீங்க, சார்” என்றார் மெஹருன்னிசா.