தாத்தா காலத்து ஆறு

இரண்டு மலைக்கு நடுவே, நெளியாற்றங்கரையில் கரைவேலி என்று ஒரு சின்ன ராஜ்யம். ராஜா உலகேந்திரருக்கு எதையும் வரைந்து காட்டிவிட்டால் போதும், கண்ணால் பார்த்ததைக்கூட நம்பமாட்டார். இது தளவாய் திருமேனிநாதருக்கு நன்றாகத் தெரியும்.

ஒருநாள் தளவாய், பரணில் கிடந்த சீலைப் படம் ஒன்றைச் சபையில் விரித்தார். ராஜாவின் தாத்தா காலத்தில் ஊரையும் சுற்றுப்புறத்தையும் அளந்து, மேடு பள்ளம் விடாமல் வரைந்தது. அதில் ஆறு இப்போது ஓடுவதற்கு ரொம்பத் தெற்கே ஓடியது. இன்றைக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருக்கும் இடமெல்லாம் அப்போது வடகரை. வடகரை முழுவதும் தளவாய் குடும்பத்துக்குப் பாத்தியம். ஆகவே கொடிக்கால்காரர்கள் காலி பண்ண வேண்டும் என்றார். நடுவில் ஒரு வெள்ளத்தில் ஆறு இடம் மாறியதை, பாவம், மறந்துவிட்டார். ராஜாவும் சரி என்றுவிட்டார்.

கொடிக்கால் ஜனங்கள் அரண்மனை ஆலோசகர் நாகலிங்கத்திடம் ஓடி வந்தார்கள். "எங்கப்பன் வண்டல்ல ஊன்றின கொடி சாமி. இதைப் பிடுங்கினா நாங்க எங்கே போவோம்?" என்று கொடிக்கால்காரி வெள்ளையம்மா அழுததைக் கேட்டதும் நாகலிங்கம் நேரே ராஜாவிடம் போனார்.

"மகாராஜா, இனிமேல் எல்லாம் இந்தப் படத்தில் உள்ளபடியா, இல்லை கொடிக்கால் மூலைக்கு மட்டுமா?"

"முழுப் படமும்தான். என் தாத்தா வரையச் சொன்னதாக்கும்."

பக்கத்தில் தளவாய் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார்.

மறுநாள் விடிந்ததும் தளவாயின் புது மாளிகை அமர்க்களப்பட்டது. ராஜ உத்தரவு என்றதும் காவலாளிகள் வழிவிட்டுவிட்டார்கள். கூடத்தில் மீனவர்கள் வலை விரித்திருந்தார்கள். முற்றத்துத் தூணில் பரிசல் கட்டியிருந்தது. பூஜை அறைப் படியில் யாரோ வேட்டி துவைத்தார். எருமைகள் நடுக்கூடத்தில் சுகமாகப் படுத்திருந்தன.

தளவாய் தலைதெறிக்க அரண்மனைக்கு ஓடினார். ராஜா விசாரித்தபோது நாகலிங்கம் அதே படத்தை விரித்து, விரல் வைத்துக் காட்டினார். தளவாய் மாளிகை இருக்கும் இடத்தில் ஆறு ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. ஆறு ஊருக்கே பொதுவாயிற்றே என்று பணிவாகவும் சொன்னார்.

"அந்த ஆறு அங்கேயிருந்து போய் எத்தனையோ வருஷமாச்சய்யா" என்று கத்தினார் தளவாய். கத்திய பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆறு போயிற்றென்றால் அந்த வடகரையும் அதோடு போயிற்று, கொடிக்கால் அவர்களுக்கே என்று தீர்ப்புச் சொன்னார். தன் முத்துமாலையைக் கழற்றி நாகலிங்கத்தின் கழுத்தில் போட்டார்.

தளவாய் மட்டும் நகரவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும். என் கூடத்தில் கிடக்கிற எருமைகளை யார் ஓட்டுவது?"

"பதறாதீங்க தளவாய்" என்றார் நாகலிங்கம். "வெயில் தாழ்ந்ததும் அதுங்களே கரையேறிடும்."