வாதாமரம் இலை சிவந்த கதை

மரமும் சூரியனும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கடலோரக் குப்பம் ஒன்றில் காத்தாயி என்றொருத்தி இருந்தாள். அவள் புருஷன் நல்லான் கட்டுமரத்தில் போய் மீன் பிடித்து வருவான். அவள் மணலில் கருவாடு காயப்போடுவாள். அந்தக் கரையில் நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. பக்கத்தில் கிடத்திய கைக்குழந்தைக்கு வெயில் பட்டு உடம்பெல்லாம் கொப்புளம் கண்டுவிட்டது.

காத்தாயி மேற்கே நடந்துபோய் மாமரத்திடம் கேட்டாள்: "எங்க கரைக்கு உன் கன்னு ஒண்ணு குடேன்."

"உப்புக் காத்து எனக்கு ஆகாது, தாயி. கருகிப் போயிடுவேன்."

பலாவும் மணலில் வேர் நிற்காது என்று சொல்லிவிட்டது. வெறுங்கையோடு திரும்பியவள் காலில், அலை ஒதுக்கிய வாதாங்கொட்டை ஒன்று இடறியது.

"ஊரெல்லாம் கேட்டியே, என்னைக் கேட்டியா? நான் உப்புத் தண்ணியில மிதந்து வந்தவன். இங்கயே ஊனு," என்றது அது.

அலை எட்டாத மேட்டில் ஊன்றினாள். ஆடு கடிக்காமல் முள் வைத்தாள். ஊற்றுத் தோண்டி நீர் ஊற்றினாள். சில வருஷங்களில் மரம் அடுக்கடுக்காய்க் கிளை விரித்து நின்றது. அவளுடைய அடுத்த பிள்ளை அதன் கிளையில் கட்டிய தூளியில்தான் தூங்கியது. அப்போதெல்லாம் அந்த மரம் வருஷம் முழுக்கப் பச்சைதான்.

ஒரு தை மாதம், ஆண்களெல்லாம் கடலுக்குப் போயிருந்த நேரம், பனி இறங்கிக் கரையை மூடிக்கொண்டது. விடிந்தும் விலகவில்லை. கரை இருக்கும் திசை காட்டப் பெண்கள் கத்திய சத்தத்தை அலை விழுங்கியது. ஈர விறகில் தீயும் பற்றவில்லை. காத்தாயி மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மரம் சூரியனைக் கூப்பிட்டது. "உன் சிவப்பைக் கொஞ்சம் என் இலைக்குக் கொடு. அவர்களுக்குக் கரை தெரியட்டும்."

"தருகிறேன். ஆனால் அதை வாங்கிய இலை கிளையில் தங்காது. மொட்டையாய் நிற்பாய்."

"எனக்குச் சம்மதம். ஆனால் நிழல் இவளுடையது. இவள் சொல்லட்டும்."

காத்தாயி தூளியைப் பார்த்தாள். "எம்புள்ளைக்கு நான் சேலையை விரிச்சு நெழல் குடுத்துக்கறேன். நீ செவந்துடு, சாமி."

கீழ்க்கிளையில் தொடங்கி உச்சிவரை இலைகள் சிவந்தன. நடுக்கடலில் திசை தெரியாமல் கிடந்த நல்லானுக்குப் பனிக்குள் அடுக்கடுக்காய்ச் சிவப்பாக ஏதோ தெரிந்தது. "அது நம்ம மரம்டா! அங்க தள்ளுங்க!" என்று கத்தினான். கட்டுமரங்கள் ஒன்றன்பின் ஒன்றாய்க் கரையேறின.

இலையெல்லாம் உதிர்ந்தபின், மரம் செத்துவிட்டது என்றார்கள் குப்பத்தார். காத்தாயி நீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை. அவளைப் பார்த்துச் சூரியனே மனம் இளகி, வெயில் ஏறுமுன் கிளைதோறும் தளிரை வரவழைத்தான்.

வாதாமரம் பனிக்காலத்தில் சிவந்து உதிர்ந்து, கோடைக்குள் மறுபடி நிழல் விரிப்பது அந்தத் தை மாதத்திலிருந்துதான்.