காயிலுக்குப் போர்த்திய பொன்னாடைகள்

ஒரு குளியலறைச் சுவரில், சீலிங்கை ஒட்டி ஒரு கீசர் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் வயிற்றுக்குள் ஒரு கம்பிச்சுருள் குடியிருந்தார். மெக்கானிக்குகள் அவரைக் காயில் என்பார்கள். கரண்ட் வந்தால் அவர் கொதிப்பார். அவர் கொதித்தால் தண்ணீர் சுடும். சுடுதண்ணீரைக் கீழே ஷவர் வாங்கி ஹேமலதாவின் தலையில் பொழியும். ஏற்பாடு அவ்வளவுதான்.

வேலைக்கு வந்த முதல் நாளே, போர்வெல் தண்ணீரோடு ஓர் உப்புத் துகள் வந்து இறங்கியது. தொண்டையைச் செருமிக்கொண்டு, மேடையில் மைக் பிடித்த குரலில் ஆரம்பித்தது.

"குளிரை விரட்ட வந்த கோமானே! அனலின் அரசே! இந்த எளியவன் அணிவிக்கும் பொன்னாடையை..."

காயில் கூச்சத்தில் நெளிந்தார். "எதுக்குங்க இதெல்லாம்? சரி, இவ்வளவு ஆசைப்படுறீங்க, போடுங்க" என்று குனிந்து கழுத்தைக் கொடுத்தார்.

மறுநாள் பத்துத் துகள் வந்தன. அதற்கடுத்த நாள் நூறு. பொன்னாடைமேல் பொன்னாடை. ஒன்றைக்கூட அவர் கழற்றி வைக்கவில்லை. போர்த்தியவர் மனம் புண்படுமே!

மூன்று வருஷம் கழித்து ஒரு மார்கழிக் காலையில் கீழேயிருந்து ஓர் அலறல்.

"ஐயையோ! என்னங்க, தண்ணி ஜில்லுனு கொட்டுது!"

ஹேமலதாவின் கணவர் தணிகாசலம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். அண்ணாந்து பார்த்தார். "ஷவர்ல அடைப்பு" என்று தீர்ப்புச் சொல்லி, பழைய டூத் பிரஷ்ஷால் குடைந்தார்.

"சார், சார், கூசுது! மேலேருந்து வர்றதைத்தானே நான் கொட்டுறேன்!" என்று ஷவர் கெஞ்சியது. யார் கேட்டார்கள்? மறுநாள் புது ஷவர் வந்தது. அதே பச்சைத் தண்ணீரை இன்னும் அழகாகப் பொழிந்தது.

மேலே, சூட்டை அளக்கும் தெர்மோஸ்டாட் ஆபீஸ் குமாஸ்தாவின் குரலில் காயிலுக்கு அறிக்கை வாசித்தது. "ஐயா, தங்கள் மேலான கவனத்திற்கு. தண்ணீர் முப்பது டிகிரியைத் தாண்டவில்லை."

காயிலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னது! நான் இங்க வெந்து சாகிறேன். எனக்கே இவ்வளவு சுடுதே, தண்ணி எப்படிய்யா ஜில்லுனு இருக்கும்?"

"சதி அண்ணே, சதி!" என்று உப்புகள் ஒரே குரலில் கத்தின. "முதல்ல இவனைத் தூக்கணும்!"

தணிகாசலத்துக்கும் அதே யோசனைதான் வந்தது. தெர்மோஸ்டாட்டை மாற்றினார். புதியது பதவியேற்ற அரை மணியில் வாய் திறந்தது. "ஐயா, தங்கள் மேலான கவனத்திற்கு. முப்பது."

இவனுமா? காயில் உப்புகள் பக்கம் திரும்பினார். "தண்ணியை நானே பார்க்கணும். வரச்சொல்லுங்க."

"தண்ணிதானே? சௌக்கியமா இருக்கு. நாங்க விசாரிச்சுட்டோம் அண்ணே."

"நான் பார்க்கணும்னு சொன்னேன்!"

உப்புகள் கப்சிப். அந்த ஒரு நிமிஷ அமைதியில், எங்கோ ஏழு சுவருக்கு அப்பாலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது.

"அண்ணே! நான் இங்கதான் இருக்கேன். உங்களைத் தொட்டு வருஷக்கணக்காச்சு. தினமும் வர்றேன், விட மாட்டேங்கிறாங்க!"

காயில் அதிர்ந்துபோனார். பொன்னாடைகளை உதறப் பார்த்தார், அசையவில்லை. எரித்துவிடலாம் என்று இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டிக் கொதித்தார். சூடு வெளியே போக வழி ஏது? அவருக்குள்ளேயே திரும்பியது.

டப்!

வீடே இருண்டது.

மெக்கானிக் ஆரோக்கியம் வந்து, கீசரைத் திறந்து, அவரை வெளியே இழுத்தார். ஹேமலதா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னண்ணே இது, சுண்ணாம்புப் பாறை?"

"இதாம்மா உங்க காயில்."

"காயிலா? அது எங்க?"

"நான்தாம்மா! உள்ள இருக்கேன்!" என்று காயில் கதறினார். யாருக்கும் கேட்கவில்லை.

ஆரோக்கியம் ஸ்பேனரால் இரண்டு தட்டுத் தட்டினார். வெள்ளை வெள்ளையாகப் பாளங்கள் பெயர்ந்து விழுந்தன. கடைசியில் மிஞ்சியது, நடுவில் வெடித்த ஒரு கறுத்த குச்சி. காயில் தன்னையே பார்த்துத் திகைத்தார். இவ்வளவுதானா நான்?

"வருஷத்துக்கு ஒருக்கா கழட்டித் தட்டிவிட்டிருந்தா போதும்மா. ஷவரை மாத்துறீங்க, அதை மாத்துறீங்க, இதைத் திறந்து மட்டும் யாரும் பார்க்கிறதில்ல."

அவரைக் குப்பைச் சாக்கில் போட்டார்கள். பளபளவென்று ஒரு புதுக் காயிலை மாட்டி, தண்ணீரைத் திறந்தார்கள். சாக்குக்குள் இருந்தவர் காதைத் தீட்டிக்கொண்டார். மேலே யாரோ தொண்டையைச் செருமும் சத்தம்.

"குளிரை விரட்ட வந்த கோமானே! அனலின் அரசே!"

"டேய் தம்பி, குனியாதடா! குனியாதே!"

 மேலேயிருந்து, கூச்சத்தில் நெளிகிற ஓர் இளங்குரல் கேட்டது.

"எதுக்குங்க இதெல்லாம்? சரி, இவ்வளவு ஆசைப்படுறீங்க, போடுங்க."