மந்தக்குளத்துக் கால்கட்டுத் திருநாள்

மந்தக்குளத்தில் மாசி முதல் வெள்ளிக்கிழமைதான் காதலர் திருநாள். அன்றைக்கு அந்த ஊர் ஆண்கள் நடக்க மாட்டார்கள், குதிப்பார்கள். ஏன் என்று கேட்டால் உலகப்பனைக் கைகாட்டுவார்கள்.

உலகப்பன் பவளாயி மேல் உயிரையே வைத்திருந்தான். சோறு இறங்கவில்லை. உழப்போன இடத்தில் மாட்டை அவிழ்த்துவிட்டுத் தானே நுகத்தடியில் நின்றான். பவளாயியின் அப்பாவோ, "வெள்ளிக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள பொண்ணு கேட்டு வரலேன்னா என் தங்கச்சி மகனுக்குக் கொடுத்துடுவேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை, வழியோடு போன வைத்தியரைக் கூப்பிட்டு உலகப்பனைக் காட்டினார்கள். நாடி பார்த்த வைத்தியர் சிரித்தார்.

"இதுக்கு மருந்து கிடையாது. சட்டுன்னு ஒரு கால்கட்டு போடுங்க, சரியாயிடும்."

கல்யாணத்தைத்தான் அப்படிச் சொன்னார். நமக்குப் புரிகிறது. என்ன செய்வது, நாம் அங்கே இல்லையே!

"எந்தக் கால்னு சொல்லலையே?" என்றார் தலைவர் சடையாண்டி.

"சீக்கு வந்த கால்லதான்" என்றார் அவர் தம்பி.

"சீக்கு நெஞ்சுலல்ல இருக்கு?"

"அந்த நெஞ்சைப் பவளாயி வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறது ரெண்டு காலும்தானே?"

இது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. இரண்டு காலையும் சேர்த்துத் தாம்புக்கயிற்றால் கட்டினார்கள். தலைவர் ஒரு முடிச்சு, தம்பி ஒரு முடிச்சு, மச்சினர் ஒரு முடிச்சு.

"ஐயோ, பொழுது சாயுதே!" என்று அலறினான் உலகப்பன்.

"மருந்து வேலை செய்யுது, வாய் திறந்துட்டான்" என்று மகிழ்ந்தார்கள்.

அவன் குதித்தான். காயப்போட்ட மிளகாயில் விழுந்தான், எழுந்தான், தும்மித் தும்மிக் குதித்தான். சூரியன் இன்னும் ஒரு முழம் இருக்கும்போது பவளாயி வீட்டு வாசலில் போய் விழுந்தான்.

"மாமா, பவளாயியை எனக்குக் கட்டிக் கொடுங்க!"

"உன்னையே கட்டித்தானே அனுப்பியிருக்காங்க?" மாமா குனிந்து எண்ணினார். "மூணு முடிச்சு! யார் போட்டது?"

"தலைவர், அவர் தம்பி, மச்சினர்."

"அப்ப உனக்குக் கல்யாணம் முடிஞ்சுதேப்பா. மூணு மாப்பிள்ளை!"

பின்னாலேயே வந்த தலைவர் மார்பில் அடித்துக்கொண்டார். "என் வீட்டுக்காரிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

உலகப்பன் விம்மி விம்மி அழுதான். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பவளாயி விறுவிறுவென்று வந்து மூன்று முடிச்சையும் அவிழ்த்தாள். பிறகு அதே கயிற்றால், அதே காலில், தன் கையாலேயே மூன்று முடிச்சு போட்டாள்.

"இப்ப இவர் எனக்கு!"

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போற இடத்துல பார்த்து நடந்துக்கப்பா."

"எப்படி மாமா நடக்கறது?"

அவிழ்த்தால் கல்யாணம் போய்விடுமே! அதனால் அவன் குதித்தே குடித்தனம் நடத்தினான். அடுத்த மாசியில் மற்ற பெண்களும் ஆளுக்கொரு கயிறு எடுத்தார்கள். அன்றைக்குப் பார்த்து வைத்தியர் திரும்பி வந்தார். ஊரே குதிப்பதைக் கண்டு தலையில் அடித்துக்கொண்டார்.

"புருஷனை இப்படி இறுக்கலாமாம்மா? கொஞ்சம் விட்டுப் பிடிக்கணும்!"

பவளாயி உடனே கட்டை அவிழ்த்தாள். "ஓடுங்க, பிடிக்கணுமாம்."

ஒரு வருஷப் பழக்கம். கட்டு அவிழ்ந்த பிறகும் உலகப்பன் குதித்துத்தான் போனான். வைக்கோல்போருக்குப் பின்னால் ஒளிந்தவனுக்கு, அவள் தன்னைக் கண்டுபிடிக்காமல் போய்விட்டால் என்ற நினைப்பு வந்ததும் அழுகை முட்டியது.

"பவளாயி, நான் இங்கதான் இருக்கேன்! வந்து பிடி!"

"சும்மா இருங்க," என்றாள் பவளாயி, வாசலில் அசையாமல் நின்றபடி. "இன்னும் விட்டு முடியலை!"